குடியரசுத் தலைவர் தேர்தலில் திமுக ஓட்டுக்கு உண்மையில் எவ்வளவு எடை?

வைகைக்கரை:

எல்லோருக்கும் வணக்கம். எங்கள் பெரியப்பா அந்தக் காலத்துத் திமுககாரர், 1967 தேர்தலுக்குச் சுவரெழுத்து எழுதியவர். வி.வி.கிரியை ஜனாதிபதி நாற்காலியில் உட்கார வைத்ததே எங்கள் கட்சிதான், அப்துல் கலாம் வந்ததும் கலைஞரால்தான் என்று அடித்துச் சொல்கிறார். என் அண்ணன் இதை ஒத்துக்கொள்வதே இல்லை. ஜனாதிபதி தேர்தல் என்பது டெல்லியில் முடிவாகிற விஷயம், மாநிலக் கட்சி போய் ஓட்டைப் போட்டுவிட்டு வருவதோடு சரி என்கிறான். இரண்டு பேருமே கொஞ்சம் மிகைப்படுத்துகிறார்கள் என்று எனக்குத் தோன்றுகிறது, ஆனால் எது எவ்வளவு சரி என்று எடுத்துச் சொல்ல எனக்கு விவரம் போதவில்லை.

1949இல் ஒரு மாநிலத்துக்குள் தொடங்கிய கட்சி, இத்தனை குடியரசுத் தலைவர் தேர்தல்களில் எங்காவது முடிவையே மாற்றியிருக்கிறதா? ஒரு எம்.எல்.ஏ. ஓட்டுக்கு 176 மதிப்பு என்கிறார்களே, அது எங்கிருந்து வருகிறது? அப்புறம், யார் குடியரசுத் தலைவராக வந்தாலும் தமிழ்நாட்டுக்கு அதனால் ஏதாவது நடந்திருக்கிறதா? விவரம் தெரிந்தவர்கள் சொல்லுங்கள். கட்சிச் சண்டையாக்கிவிட வேண்டாம்.

நெல்லை வாசகன்:

உங்கள் பெரியப்பா சொல்வதில் கிரி விஷயம் கிட்டத்தட்ட சரி. கலாம் விஷயத்தில் பாதிதான் சரி. முதலில் கிரி கதையைச் சொல்கிறேன், ஏனென்றால் ஒரு மாநிலக் கட்சியின் ஓட்டு நிஜமாகவே தராசைச் சாய்த்த தேர்தல் என்றால் அது அந்த 1969 தேர்தல்தான், அதற்கு முன்னும் இல்லை, பின்னும் இல்லை.

திமுக 1949 செப்டம்பர் 17இல் தொடங்கியது. தேர்தலில் முதன்முதலாக நின்றது 1957இல், கிடைத்தது 15 எம்.எல்.ஏ. 1962இல் அது 50 ஆனது. அந்தக் காலத்தில் ராஜேந்திர பிரசாத், ராதாகிருஷ்ணன் இருவரும் பெரும் வித்தியாசத்தில் வந்தார்கள், காங்கிரஸ் யாரை நிறுத்துகிறதோ அவர்தான் என்ற நிலை, அதில் திமுகவின் பதினைந்தும் ஐம்பதும் ஒரு பொருட்டே இல்லை. 1967இல் ஆட்சியைப் பிடித்து, மக்களவையிலும் 25 இடங்களை வென்ற பிறகுதான் கட்சியின் எடை டெல்லிக்குத் தெரிய ஆரம்பித்தது.

1969 மே 3ஆம் தேதி குடியரசுத் தலைவர் ஜாகிர் உசேன் பதவியில் இருக்கும்போதே காலமானார். குடியரசுத் துணைத் தலைவராக இருந்த கிரி தற்காலிகமாகப் பொறுப்பேற்றார். ஜூலையில் பெங்களூரில் காங்கிரஸ் கூடியபோது, காமராஜர், நிஜலிங்கப்பா, எஸ்.கே.பாட்டீல் முதலான சிண்டிகேட் தலைவர்கள் (கட்சியைப் பிடியில் வைத்திருந்த மூத்தவர்கள்) நீலம் சஞ்சீவ ரெட்டியை வேட்பாளராக்கிவிட்டார்கள். இந்திரா காந்தி சொன்ன பெயர் ஜெகஜீவன் ராம், அது எடுபடவில்லை. அடுத்த சில நாட்களில் நடந்தவை எல்லாம் மின்னல் வேகம். மொரார்ஜியிடமிருந்து நிதித் துறை பறிக்கப்பட்டது, ஜூலை 19இல் வங்கிகள் தேசியமயமாகின, மறுநாள் கிரி பதவி விலகி சுயேச்சையாக நின்றார். தன் கட்சி வேட்பாளருக்கு எதிராகப் பிரதமரே "மனச்சாட்சிப்படி வாக்களியுங்கள்" என்று சொன்ன ஒரே குடியரசுத் தலைவர் தேர்தல் அது.

அண்ணா அந்த ஆண்டு பிப்ரவரியில்தான் மறைந்திருந்தார். கருணாநிதி முதல்வராகி அரை வருடம்கூட ஆகவில்லை. திமுக கிரியை ஆதரித்தது. கம்யூனிஸ்டுகள், அகாலி தளம், முஸ்லிம் லீக் எல்லோரும் அதே பக்கம். திமுகவுக்கு இதில் ஊர்க் கணக்கு ஒன்றும் இருந்தது என்பதை மறக்கக் கூடாது. ரெட்டியை நிறுத்தியவர்களில் முக்கியமானவர் காமராஜர், தமிழ்நாட்டில் திமுகவின் நேர் எதிரி. ரெட்டி தோற்றால் காமராஜருக்கு டெல்லியில் இருந்த பிடி தளரும். அதுதான் நடந்தது.

இப்போது எண்களைப் பாருங்கள். இந்தத் தேர்தலில் வேட்பாளர்களுக்கு 1, 2 என்று விருப்ப வரிசை எழுதி ஓட்டுப் போடுவார்கள். முதல் விருப்ப வாக்குகளில் கிரிக்கு 4,01,515, ரெட்டிக்கு 3,13,548, சி.டி.தேஷ்முக்குக்கு 1,12,769. வெல்ல வேண்டிய அளவு 4,18,169. யாருக்கும் எட்டவில்லை. இந்தியக் குடியரசுத் தலைவர் தேர்தல்களிலேயே இரண்டாம் விருப்ப வாக்குகளை எண்ணி முடிவு சொன்னது இது ஒன்றில்தான். தேஷ்முக்குக்குப் போட்டவர்களின் இரண்டாம் விருப்பம் பெரும்பாலும் ரெட்டிக்குப் போனது, இடைவெளி மளமளவென்று குறைந்தது. கடைசியில் கிரி 4,20,077, ரெட்டி 4,05,427. வித்தியாசம் 14,650.

அன்றைக்கு எம்.பி. ஓட்டின் மதிப்பு 576, தமிழ்நாட்டு எம்.எல்.ஏ. ஓட்டின் மதிப்பு 144. திமுக எம்.எல்.ஏ.க்கள் 130 பேர் என்றே குறைத்து வைத்துக்கொண்டாலும் 18,720 வருகிறது. மக்களவை எம்.பி.க்கள் 25 பேருக்கு 14,400. அதாவது திமுகவின் எம்.எல்.ஏ. ஓட்டுகள் மட்டுமே அந்த வித்தியாசத்தைவிட அதிகம். அந்தக் கட்சி வேறு பக்கம் போயிருந்தால் ரெட்டிதான் 1969இலேயே ராஷ்டிரபதி பவனுக்குப் போயிருப்பார். ஆனால் இதே வாதத்தைக் கம்யூனிஸ்டுகளும் சொல்லலாம், மனச்சாட்சி ஓட்டுப் போட்ட காங்கிரஸ்காரர்களும் சொல்லலாம், அது நியாயமும்கூட. நூலிழையில் முடிந்த தேர்தலில் யார் விலகியிருந்தாலும் முடிவு மாறியிருக்கும். அதனால் பெரியப்பாவின் "நாங்கள்தான்" என்பதை "நாங்கள் இல்லாமல் முடிந்திருக்காது" என்று எடுத்துக்கொண்டால் முழுக்கச் சரி.

இதற்குப் பலனும் கிடைத்தது. நவம்பரில் காங்கிரஸ் உடைந்தபோது இந்திராவின் ஆட்சி மக்களவையில் சிறுபான்மையானது, அதைத் தாங்கிப் பிடித்தவர்களில் திமுகவின் 25 பேர் உண்டு. 1971இல் இந்திராவின் காங்கிரஸ் தமிழ்நாட்டில் சட்டமன்றத்துக்கு ஒரு இடத்தில்கூட நிற்காமல் மொத்தத்தையும் திமுகவுக்கு விட்டுக்கொடுத்தது, திமுக 184 இடங்களை வென்றது. ஐந்தே ஆண்டுகளில், 1976 ஜனவரி 31இல், அதே இந்திரா அந்த ஆட்சியைக் கலைத்தார் என்பது வேறு கதை.

கலாம் விஷயம். 2002இல் திமுக வாஜ்பாய் அரசில் பங்கேற்றிருந்தது, கலாமுக்கு ஓட்டுப் போட்டது, சரி. ஆனால் அந்தப் பெயரை விடாமல் முன்னுக்குத் தள்ளியவர்களில் முலாயம் சிங்கும் சந்திரபாபு நாயுடுவும் முக்கியமானவர்கள். காங்கிரஸும் அதிமுகவும்கூட ஆதரித்தன. வாஜ்பாய் தொலைபேசியில் கேட்டபோது கலாம் சென்னையில் அண்ணா பல்கலைக்கழகத்தில் பாடம் நடத்திக்கொண்டிருந்தார். 9,22,884 வாக்குகள் வாங்கினார், எதிர்த்து நின்ற கேப்டன் லட்சுமி சேகலுக்கு 1,07,366. திமுகவுக்கு அப்போது சட்டமன்றத்தில் இருந்ததே 31 பேர்தான். அவர்களின் ஓட்டு இல்லாவிட்டாலும் கலாம் வந்திருப்பார். திமுகவுக்குப் பெருமை உண்டு, ஆனால் "கொண்டு வந்தது" என்பது பெரிய வார்த்தை.

கணக்கர்:

நெல்லை வாசகன் நன்றாகச் சொல்லிவிட்டார். 176 எங்கிருந்து வருகிறது என்பதை நான் சொல்கிறேன்.

1971 கணக்கெடுப்பில் தமிழ்நாட்டின் மக்கள்தொகை 4,11,99,168. அதை 234 தொகுதிகளால் வகுத்து, வருவதை மறுபடி ஆயிரத்தால் வகுத்தால் 176. அவ்வளவுதான். 234 பேருக்கும் சேர்த்து 41,184. இதே முறையில் உத்தரப் பிரதேச எம்.எல்.ஏ.வுக்கு 208, கேரளத்துக்கு 152, சிக்கிமுக்கு வெறும் 7. எல்லா மாநில எம்.எல்.ஏ. மதிப்பையும் கூட்டி, தேர்ந்தெடுக்கப்பட்ட எம்.பி.க்கள் 776 பேருக்குச் சமமாகப் பிரித்தால் எம்.பி. ஓட்டின் மதிப்பு. 2017இல் அது 708, ஜம்மு காஷ்மீரில் சட்டமன்றம் இல்லாததால் 2022இல் 700 ஆனது. நியமன எம்.பி.க்களுக்கு இதில் ஓட்டு கிடையாது. 2022 ஜூலையில் மாநிலங்களவைக்கு நியமனமான இளையராஜா துணைத் தலைவர் தேர்தலில் ஓட்டுப் போடலாம், குடியரசுத் தலைவர் தேர்தலில் முடியாது என்பது இதனால்தான்.

ஆனால் நான் எழுத வந்தது வேறு ஒன்றுக்காக. ஏன் இன்னும் 1971 மக்கள்தொகை? இதைப் பற்றி நம் ஆட்கள் பேசுவதே இல்லை, எனக்கு அதில் வருத்தம். தொகுதி மறுவரையறையில் எம்.பி. இடம் குறையும் என்று ஊரே பேசுகிறது, அதே உறைநிலைதான் குடியரசுத் தலைவர் தேர்தலிலும் நம்மைக் காத்துக்கொண்டிருக்கிறது என்பது யாருக்கும் ஞாபகம் வருவதில்லை. அரசியலமைப்பின் 42ஆவது திருத்தம் 1971 எண்ணிக்கையை உறைய வைத்தது, 84ஆவது திருத்தம் அதை நீட்டித்தது. 2026க்குப் பிறகு எடுக்கப்படும் முதல் கணக்கெடுப்பின் எண்கள் வரும் வரைதான் அந்த உறைநிலை.

2011 எண்ணிக்கையை வைத்து நானே போட்டுப் பார்த்தேன். தமிழ்நாட்டு எம்.எல்.ஏ. மதிப்பு 308 ஆகிறது, உத்தரப் பிரதேசத்துக்கு 496. இரண்டும் கூடுகிறதே என்று நினைக்காதீர்கள், விகிதத்தைப் பாருங்கள். 1971இல் நாட்டு மக்கள்தொகையில் தமிழ்நாடு சுமார் 7.5 சதவீதம், 2011இல் சுமார் 6 சதவீதம். எம்.எல்.ஏ. ஓட்டுகளின் மொத்த மதிப்பில் நம் பங்கும் அதே அளவு இறங்கும். குடும்பக் கட்டுப்பாட்டை ஒழுங்காகச் செய்த மாநிலம் அதற்காகவே எடை குறைவது நியாயம் இல்லை என்பது என் உறுதியான கருத்து. திமுகவோ அதிமுகவோ, எந்தக் கட்சி ஜெயித்தாலும் அதன் கையில் இருக்கும் படிக்கல்லே சிறியதாகிவிடும்.

1969 போல மறுபடி நடக்குமா என்றால், 2022 தேர்தலின் எண்களைப் பாருங்கள். 2022இல் உதயசூரியன் சின்னத்தில் வென்ற எம்.எல்.ஏ.க்கள் 133 பேர், மதிப்பு 23,408. மக்களவையில் 24, மாநிலங்களவையில் 10, ஆக 34 எம்.பி.க்கள், 23,800. மொத்தம் 47,208. இந்தியா முழுவதற்கும் இருந்தது 10,86,431. நாலரை சதவீதத்துக்கும் கொஞ்சம் குறைவு. திரவுபதி முர்மு 6,76,803, யஷ்வந்த் சின்கா 3,80,177. வித்தியாசம் மூன்று லட்சத்தை ஒட்டி. திமுக எந்தப் பக்கம் நின்றிருந்தாலும் முடிவு அதேதான்.

பொருநை மைந்தன்:

திமுகவைப் பற்றிய கேள்விதான், ஆனாலும் அதிமுகவை விட்டுவிட்டுப் பேசினால் பாதிப் படம்தான் தெரியும். ஓட்டு எண்ணிக்கையில் பார்த்தால் தமிழ்நாட்டுக் கட்சி ஒன்றின் கையில் மிகப் பெரிய குவியல் இருந்தது 2017இல், அதுவும் அதிமுகவிடம். மக்களவையில் 37, மாநிலங்களவையில் 13, சட்டமன்றத்தில் 135, சேர்த்தால் 59 ஆயிரத்தை ஒட்டி வருகிறது. ஜெயலலிதா இறந்து எட்டு மாதம்கூட ஆகவில்லை. கட்சி பழனிசாமி அணி, பன்னீர்செல்வம் அணி, தினகரன் பக்கம் நின்றவர்கள் என்று சிதறிக் கிடந்தது. ஒருவரை ஒருவர் முகம் பார்க்காத அந்த மூன்று பக்கமும் ராம்நாத் கோவிந்துக்கே ஓட்டுப் போட்டன. கையில் அவ்வளவு எடை இருந்தும் பேரம் பேச ஆள் இல்லாமல் போனது என்பதுதான் எனக்கு இன்றைக்கும் ஆறாத விஷயம். நீட் விலக்குக்காக அந்த ஆண்டு பிப்ரவரியில் சட்டமன்றம் ஒருமனதாக நிறைவேற்றிய இரண்டு மசோதாக்கள் அப்போது டெல்லியில் காத்துக் கிடந்தன. அவற்றுக்கு ஒப்புதல் கிடைக்கவில்லை.

இன்னொன்று, ஓட்டுப் போடுவது மட்டுமே பங்கு இல்லை. பெயரை யார் முதலில் சொல்கிறார்கள் என்பதும் பங்குதான். 2012இல் பி.ஏ.சங்மா பெயரை ஜெயலலிதாவும் நவீன் பட்நாயக்கும் மே மாதமே அறிவித்தார்கள், பாஜக அதற்குப் பிறகுதான் வந்து சேர்ந்தது. இரண்டு மாநிலக் கட்சிகள் நிறுத்திய ஆளைத் தேசியக் கட்சி பின்தொடர்ந்தது. அவர் தோற்றார், பிரணாபுக்கு 7,13,763, சங்மாவுக்கு 3,15,987, அது வேறு. திமுக அன்று பிரணாப் பக்கம்.

யார் குடியரசுத் தலைவராக இருக்கிறார் என்பதால் தமிழ்நாட்டுக்கு ஏதாவது நடந்ததா என்று கேட்டிருக்கிறீர்கள். 69 சதவீத இடஒதுக்கீடு! 1993இல் சட்டமன்றம் நிறைவேற்றிய மசோதா, 1994 ஜூலை 19இல் சங்கர் தயாள் சர்மா ஒப்புதல் தந்தார், பிறகு 76ஆவது திருத்தத்தின் மூலம், சட்டங்களை நீதிமன்றச் சவாலிலிருந்து காப்பதற்காக அரசியலமைப்பில் உள்ள ஒன்பதாவது அட்டவணைக்குப் போனது. கையெழுத்து போட்டவர் அவர் என்றாலும், அது நடக்கும்படி பிரதமர் நரசிம்ம ராவை நெருக்கியது மாநில அரசு. ஓட்டுப் போட்ட நன்றிக்காக யாரும் கையெழுத்துப் போடுவதில்லை, அதைப் புரிந்துகொண்டால் போதும்.

வைகைக்கரை:

அருமையான விவரங்கள், எல்லோருக்கும் நன்றி. 14,650 என்ற எண்ணைப் பெரியப்பாவிடம் சொன்னேன், இன்னும் சத்தமாகப் பேசுகிறார்!

இரண்டு சந்தேகம் மிச்சம். கட்சி முடிவெடுத்தால் எம்.எல்.ஏ. அதன்படிதான் போட வேண்டுமா, மாற்றிப் போட்டால் பதவி போய்விடுமா? அடுத்தது, 2002இல் தமிழர் என்று கலாமை எல்லோரும் ஆதரித்தார்கள் என்றால், 2025இல் திருப்பூர்க்காரரான சி.பி.ராதாகிருஷ்ணன் துணைத் தலைவர் தேர்தலில் நின்றபோது திமுக ஏன் எதிர்த்து ஓட்டுப் போட்டது?

கோட்டைவாசி:

தம்பி, நான் கோட்டையில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன், முதல் சந்தேகத்துக்குப் பதில் சொல்கிறேன். இந்தத் தேர்தலில் கொறடா உத்தரவு செல்லாது. அது சபைக்குள் நடக்கும் வாக்கெடுப்புக்குத்தான். கட்சி கேட்டுக்கொள்ளலாம், தீர்மானம் போடலாம், கட்டாயப்படுத்த முடியாது, கட்சித் தாவல் தடைச் சட்டமும் பாயாது. யார் யாருக்குப் போட்டார் என்பதும் சட்டப்படி ரகசியம். 2022இல் பல மாநிலங்களில் எதிர்க்கட்சி உறுப்பினர்கள் முர்முவுக்குப் போட்டார்கள், ஒருவர் பதவியும் அதற்காகப் போகவில்லை.

ஓட்டுப் போடுகிற முறையே தனி. எம்.எல்.ஏ.க்களுக்கு இளஞ்சிவப்புச் சீட்டு, எம்.பி.க்களுக்குப் பச்சைச் சீட்டு. சட்டைப் பையில் இருக்கும் பேனாவை வெளியே வைத்துவிட வேண்டும், தேர்தல் ஆணையம் தருகிற ஊதா மை பேனாவால்தான் எழுத வேண்டும். முத்திரை குத்துவது இல்லை, பெயருக்கு எதிரே 1 என்று எண் எழுத வேண்டும், விருப்பம் இருந்தால் அடுத்தவருக்கு 2. அந்த 2 எழுதுவதைப் பலர் அலட்சியம் செய்வார்கள், ஆனால் 1969இல் கிரியா ரெட்டியா என்று தீர்த்தது அந்த இரண்டாம் எண்தான். 1 எழுதாமல் விட்டாலோ, இரண்டு பேருக்கு 1 எழுதினாலோ ஓட்டு செல்லாது. படித்த, அனுபவம் உள்ள உறுப்பினர்களே இதில் தவறுவது உண்டு, 2025 துணைத் தலைவர் தேர்தலில் எம்.பி.க்கள் போட்டதில் 15 ஓட்டு செல்லாமல் போனது.

2022 ஜூலை 18இல் ஸ்டாலின் கொரோனாவுக்குச் சிகிச்சை முடிந்து மருத்துவமனையிலிருந்து நேராகத் தலைமைச் செயலகத்துக்கு வந்து ஓட்டுப் போட்டார். பன்னீர்செல்வம் தொற்றோடு இருந்ததால் தலை முதல் கால் வரை கவச உடை போட்டுக்கொண்டு வந்தார். அவரைக் கட்சியை விட்டு நீக்கி ஒரு வாரம்தான் ஆகியிருந்தது. அப்படியும் வந்தார்கள். முடிவு தெரிந்த தேர்தல்தான், ஆனாலும் ஒரு எம்.எல்.ஏ.வின் கையில் 1,76,000 பேரின் கணக்கு இருக்கிறது என்ற பொறுப்பு அது, எனக்கு அந்தக் காட்சி பிடித்திருந்தது. பிறகு பெட்டிக்கு முத்திரை வைத்து டெல்லிக்கு விமானத்தில் அனுப்புவார்கள். பெட்டிக்கே தனி டிக்கெட், முன் வரிசை இருக்கை, பயணி பெயர் என்ற இடத்தில் "மிஸ்டர் பேலட் பாக்ஸ்" என்றே இருக்கும்.

நெல்லை வாசகன்:

இரண்டாவது சந்தேகத்துக்கு வருகிறேன். இதில்தான் திமுகவின் போக்கு தெளிவாகத் தெரிகிறது. தமிழரா இல்லையா என்பதை வைத்து அந்தக் கட்சி இந்தத் தேர்தல்களில் முடிவெடுத்ததில்லை, டெல்லியில் எந்த அணியில் நிற்கிறதோ அந்த அணியின் ஆளுக்குப் போடும். 1997இல் ஐக்கிய முன்னணியில் இருந்தது, கே.ஆர்.நாராயணனுக்குப் போட்டது. எதிரே நின்றவர் டி.என்.சேஷன், தமிழ்நாட்டுப் பிரிவு ஐ.ஏ.எஸ். அதிகாரியாக இருந்தவர், தமிழ் பேசுகிறவர், அது ஒரு காரணமாகவே எடுத்துக்கொள்ளப்படவில்லை. 2002இல் பாஜக கூட்டணியில் இருந்தது, கலாம். எதிரே இருந்த லட்சுமி சேகல் சென்னையில் பிறந்து சென்னை மருத்துவக் கல்லூரியில் படித்தவர், நேதாஜியின் ஜான்சி ராணிப் படையை நடத்தியவர், என்னைக் கேட்டால் அவரும் எந்த விதத்திலும் குறைந்தவர் இல்லை. 2007இல் பிரதிபா பாட்டீல், 2012இல் பிரணாப், 2017இல் மீரா குமார், 2022இல் சின்கா, எல்லாமே அணிக் கணக்குதான். 2025 செப்டம்பர் 9 தேர்தலும் அப்படியே. ராதாகிருஷ்ணன் 452, எதிரே நின்ற சுதர்சன ரெட்டி 300. துணைத் தலைவரை எம்.பி.க்கள் மட்டும்தான் தேர்ந்தெடுக்கிறார்கள், சட்டமன்றத்துக்கு அதில் வேலையே இல்லை. தமிழர் என்பதால் ஆதரிக்க வேண்டும் என்ற கோரிக்கை வந்தது, திமுக ஏற்கவில்லை. எனக்கு அது தவறாகத் தோன்றவில்லை. ஊர்ப்பாசத்துக்காக ஓட்டுப் போட்டிருந்தால் கட்சிக்கு என்ன கிடைத்திருக்கும் என்று யோசிப்பதற்கு ஒரு பழைய உதாரணம் இருக்கிறது.

ஆர்.வெங்கட்ராமன் பட்டுக்கோட்டை பக்கம் ராஜாமடத்தில் பிறந்தவர், காமராஜர் அமைச்சரவையில் தொழில் துறையைப் பார்த்தவர், கிண்டி தொழிற்பேட்டை என்றால் அவர் பெயர் நினைவுக்கு வரும். 1987இல் குடியரசுத் தலைவரானார். 1991 ஜனவரியில் சந்திரசேகர் அரசு திமுக ஆட்சியைக் கலைக்க முடிவு செய்தபோது ஆளுநர் சுர்ஜித் சிங் பர்னாலா அறிக்கை தர மறுத்துவிட்டார். 356ஆவது பிரிவில் ஆளுநரின் அறிக்கை கிடைத்தாலோ, வேறு வகையில் தெரியவந்தாலோ கலைக்கலாம் என்று இருக்கிறது. அந்த "வேறு வகை"யைப் பிடித்துக்கொண்டு ஜனவரி 30ஆம் தேதி ஆணை பிறந்தது. கையெழுத்துப் போட்டவர் வெங்கட்ராமன். பர்னாலாவைப் பீகாருக்கு மாற்றினார்கள், அவர் போகாமல் பதவியையே விட்டார்.

அதையே நாராயணன் காலத்தோடு வைத்துப் பாருங்கள். 1997 அக்டோபரில் உத்தரப் பிரதேச அரசைக் கலைக்கச் சொல்லி மத்திய அமைச்சரவை அனுப்பிய கோப்பை மறுபரிசீலனை செய்யும்படி திருப்பி அனுப்பினார். அந்த மத்திய அரசில் திமுகவும் இருந்தது என்பதையும் சொல்லியாக வேண்டும். 1998இல் வாஜ்பாய் அரசு பீகாருக்காக அனுப்பியதையும் திருப்பி அனுப்பினார். இரண்டு முறை தன் ஆட்சியைப் பறிகொடுத்த திமுக ஓட்டுப் போட்டுத் தேர்ந்தெடுத்தவர்களிலேயே மாநில உரிமைக்கு அதிகம் துணை நின்றவர் நாராயணன்தான் என்று சொல்வேன். அவர் ஒட்டப்பாலத்து எம்.பி.யாக இருந்த மலையாளி.

பொருநை மைந்தன் சொன்ன நீட் மசோதாவுக்கு ஒரு தொடர்ச்சியும் உண்டு. 2021 செப்டம்பரில் திமுக அரசு நிறைவேற்றியதை ஆளுநர் திருப்பி அனுப்பினார், 2022 பிப்ரவரி 8இல் சட்டமன்றம் மறுபடி நிறைவேற்றியது, பிறகு அது குடியரசுத் தலைவரிடம் போனது. ஒப்புதல் மறுக்கப்பட்டுவிட்டதாக 2025 ஏப்ரலில் அப்போதைய முதல்வர் ஸ்டாலின் சட்டமன்றத்தில் அறிவித்தார். இந்த முடிவுகளையெல்லாம் குடியரசுத் தலைவர் தனியாக எடுப்பதில்லை, மத்திய அமைச்சரவை சொல்கிறபடிதான். அதனால் உங்கள் அண்ணனிடம் இதைச் சொல்லுங்கள்: ராஷ்டிரபதி பவனில் யார் என்பதைவிட, அந்த அமைச்சரவை எத்தனை எம்.பி.க்களை நம்பி நிற்கிறது என்பதில்தான் மாநிலக் கட்சியின் பிடி இருக்கிறது. 1969இல் திமுகவுக்கு இரண்டும் சேர்ந்து வாய்த்தது.

கணக்கர்:

ஒரு சின்னச் சேர்க்கை. முர்முவின் பதவிக்காலம் 2027 ஜூலை 24 வரை. புதிய கணக்கெடுப்பின் எண்கள் அதற்குள் வெளியாகாவிட்டால் 2027 தேர்தலும் 1971 மக்கள்தொகைப்படி, 176 மதிப்பில்தான் நடக்கும். எண்கள் அதற்கு முன்பே வந்துவிட்டால் மேலே நான் போட்ட கணக்கு மாறும், அப்போது இங்கேயே திருத்திப் போடுகிறேன்.